வார் பூட்டிய தலைக்கவசம்

அத்தியாயம் 4

எழுத்தர் மேசையின்மீது, திருஷ்டிக்கு உடைபடக் காத்திருக்கும் பூசணிக்காயைப் போல அந்தத் தலைக்கவசம் வீற்றிருந்தது. கறுப்பு நிறம். பின்புறத்தில் வெள்ளைச் சாயத்தால் 'ஆனந்த்' என்று எழுதியிருந்தது. அந்த நான்கு எழுத்தே போதுமென்று காவல் துறை ஒரு மனிதனைக் கம்பிக்குள் வைத்திருந்தது.

மணிமேகலை அதைத் தொடாமல் பார்த்தாள். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டு விபத்துகளை விசாரித்து, மனிதர் சொல்லும் பொய்களின் இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்று, இப்போது தனியாகத் துப்பறிபவள் அவள். காலையில் கவசப் பாடலை முழுதும் பாராயணம் செய்த பிறகே வாசற்படி தாண்டுவாள். தாண்டியபின் எதிர்ப்படும் மனிதரில் பெரும்பாலோர்மீது அவளுக்கு மதிப்புக் கிடையாது.

நிகழ்ந்தது இதுதான். நேற்றுக் காலை ஏழேகால் மணி. தொரப்பள்ளிச் சாலையில் தை மாதப் பனி பாலாடையாய்ப் படிந்திருந்தது. ரோஜாப் பண்ணை வேலைக்குச் சைக்கிளில் சென்ற தர்ஷினி என்னும் பத்தொன்பது வயதுப் பெண்ணை ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. மோதியவன் நின்றான். கைகொடுப்பதற்காக அன்று, அவளையும் சைக்கிளையும் இழுத்துச் சாலையோர வாய்க்காலில் தள்ளி, மேலே இலைதழை போட்டு மூடிவிட்டுப் போவதற்காக. பால் வண்டிக்காரர் திம்மராயன் முனகல் கேட்டு இறங்கிப் பார்த்திராவிட்டால் அவள் அங்கேயே முடிந்திருப்பாள். இன்னும் நினைவு திரும்பவில்லை. பத்தடி தள்ளிப் புல்லில் கிடந்தது இந்தத் தலைக்கவசம்.

இன்ஸ்பெக்டர் அண்ணாதுரை நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, பேரு எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். இதுக்கு மேல என்ன துப்பு? அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறேன். சும்மா இடிச்சிட்டு ஓடியிருந்தா ஜாமீன் உண்டு. இவன் இழுத்துப் போட்டு மூடியிருக்கான். கொலை முயற்சி."

மூலையிலிருந்த பெஞ்சில், மணிமேகலையை அழைத்து வந்த ஆனந்தின் மனைவி பொற்கொடி அமர்ந்திருந்தாள். கம்பெனிச் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"அவரு ஆறு மணிக்கு ராத்திரி ஷிப்ட் முடிச்சு, நேரா வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டாருக்கா. நான் காலை ஷிப்ட்டுக்கு வந்துட்டேன். அவரு தூங்கினதுக்குச் சாட்சி தலகாணிதான்."

"ஹெல்மெட்?"

"பேகம் அக்கா டீக்கடைக் கொக்கியில மாட்டிட்டுப் போனேன்னு சொல்றாரு. அந்தக்கா இல்லவே இல்லைன்றாங்க."

மணிமேகலையின் உதவியாளன் தௌசிப் கம்பியருகே போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். முப்பது வயது, வாய்க்கு மட்டும் மூன்று வயது.

"அக்கா, ஆள் போன வாரம் திருப்பதி போய்ட்டு வந்திருக்காரு. தலை பளபளன்னு இருக்கு. குனிஞ்சா என் மூஞ்சி தெரியுது."

"கீறல் இருக்கா?"

"எறும்பு நடந்த தடம்கூட இல்ல."

மணிமேகலை எழுத்தரைப் பார்த்தாள். "இந்த ஸ்ட்ராப்பை மாட்டினது யாரு?"

"யாரும் மாட்டலைங்க. கிடந்தபடியே எடுத்து வந்தோம். போட்டோகூட இருக்கு."

தலைக்கவசத்தின் தாடைவார் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. மணிமேகலை அதை ஒரு பேனாவால் தூக்கிக் காட்டினாள்.

"ஸ்ட்ராப் மாட்டினபடி ஹெல்மெட் கழண்டு விழணும்னா, இன்ஸ்பெக்டர் சார், கூடவே தலையும் விழுந்திருக்கணும்."

அண்ணாதுரை ஒரு கணம் யோசித்தார். யோசனை அவர் முகத்துக்குப் பழக்கமில்லாத விருந்தாளி. வந்த வேகத்தில் போய்விட்டது. "ஹேண்டில்ல மாட்டியிருப்பான். எல்லாரும் அங்கதானே மாட்டுறாங்க."

"நானும் அதைத்தான் சொல்றேன். அப்போ இடிச்சவன் தலை வெறுந்தலை." அவள் மருத்துவமனைச் சான்றிதழை எடுத்துப் படித்தாள். தர்ஷினிக்கு இடுப்பெலும்பு முறிவு, தலைக்குள் அடி, வெளியே தெரியும் இரத்தக் காயம் எதுவும் இல்லை. "கிளம்பு, தௌசிப்."

மணி ஒன்றரை.

தொரப்பள்ளிச் சாலையில் பார்ப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. நசுங்கிய புல், வாய்க்காலின் சேறு, பசுமைக் குடில்களின் வெள்ளைக் கூரை. வாய்க்காலுக்குப் பன்னிரண்டு அடி அப்பால் ஒரு கிலோமீட்டர் கல் நின்றது. அதன் மஞ்சள் முடியில் காய்ந்த இரத்தம் கறுத்திருந்தது. நடுவே ஒட்டியிருந்தது எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு நீளமான முடி.

"போலீஸ் இதைப் பார்த்தாங்களாமா?"

"பார்த்திருக்காங்க. அந்தப் பொண்ணு ரத்தம்னு எழுதிட்டாங்க," என்றான் தௌசிப். "உடம்புல ஒரு காயமும் இல்லாம ரத்தம் சிந்தியிருக்கா. அற்புதம்."

"உள்ளே இருக்கிறவன் தலையில முடியே இல்ல. கல்லுல முடி இருக்கு." மணிமேகலை கைக்குட்டையை விரித்துக் கல்லின்மேல் மூடி, நான்கு புறமும் கூழாங்கல் வைத்தாள். "இடிச்சவன் தெறிச்சுப் போய் இதுல முட்டியிருக்கான். நெத்தியில நல்ல காயம் இருக்கும். ஓசூர்ல நெத்தியில காயத்தோட ஒருத்தனைத் தேடணும்."

"இங்க ஹெல்மெட் போடாதவன் லட்சம் பேரு. அதுல நெத்திக் காயம் ஆயிரம் தேறும்க்கா."

வண்டியேறிக் கிளம்பினார்கள். எதிரே வந்தவர்களை மணிமேகலை தன் தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள்ளிருந்து நோக்கிக்கொண்டே வந்தாள். ஒருவன் முழங்கையில் அணிந்திருந்தான். ஒருவன் பெட்ரோல் தொட்டியின்மேல் குழந்தையைப் போல அமர்த்தியிருந்தான். இன்னொருவன் தலைக்கவசத்துக்குள் தக்காளி வாங்கிக்கொண்டு போனான். தலைமுதல் பாதம்வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கும்படி ஆண்டவனிடம் நாள்தோறும் முறையிடுகிற சனம்; தலையின் பொறுப்பை அவனிடமே முற்றிலும் ஒப்படைத்துவிட்டதுபோல் பறந்தது.

தொழிற்பேட்டையில் ஆனந்தும் பொற்கொடியும் வேலை பார்க்கும் கியர் கம்பெனியின் வாசலில் எழுதியிருந்தது: தலைக்கவசம் இல்லையேல் அனுமதி இல்லை. எதிரே, சாலையைத் தாண்டி முப்பது அடியில், பஷீர் அஹமதும் அவர் மனைவி பேகமும் நடத்தும் தேநீர்க் கடை. கடையின் பின்சுவரில் இறைச்சிக் கடையில் இருப்பதுபோல வரிசையாகக் கொக்கிகள். இப்போது அவை காலி. ஆனால் ஒவ்வொரு கொக்கிக்குக் கீழும் சுண்ணாம்புச் சுவரில், உருண்டையாக ஏதோ தினமும் உரசிய கறுப்பு வட்டம் பதிந்திருந்தது.

வாசலருகே ஆளுயரப் பதாகை ஒன்றும் தொங்கியது. சாலைப் பாதுகாப்பு வாரம். பாதுகாப்பு அதிகாரி சுபாஷ் மேற்கொள்ளும் நாற்பத்தெட்டு மணி நேரத் தலைக்கவச விரதம். படத்தில் அவர் தலைக்கவசத்தோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்துக் காலை பத்து மணியிலிருந்து கழட்டலையாம்," என்றான் தௌசிப். "காரை விட்டு இறங்கும்போதே ஹெல்மெட்டோட இறங்கினாராம். சாம்பார் சாதத்தைக் கண்ணாடியைத் தூக்கி உள்ள அனுப்புறாராம்."

"தலையைக் காப்பாத்த விரதம் வேணுமா இவங்களுக்கு?" என்று முகத்தைச் சுளித்த மணிமேகலை கடைக்குள் நுழைந்தாள்.

பேகம் பாலை ஆற்றிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்றாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"சுவத்துல வட்டம் வட்டமா என்ன பேகம்? நிலாவா?"

பேகத்தின் கை நின்றது.

மணிமேகலை குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி உள்ளே போறவங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு போறாங்க. காலையில வெளியே வர்றவங்களை யாரும் கேக்கறதில்ல. டீ குடிச்சிட்டு உன் கொக்கியில மாட்டிட்டு வெறுந்தலையா வீட்டுக்குப் போறாங்க. மறுநாள் வந்து எடுத்து, இந்த முப்பது அடிக்கு மட்டும் போடுறாங்க. கொக்கியில தொங்கறதுக்காக ஸ்ட்ராப்பை மாட்டித்தான் வைக்கணும். ஆனந்தோட ஹெல்மெட்டும் அப்படித்தான் தொங்குச்சு. சொல்லு."

"சொன்னா கடையைத் தூக்கிருவாங்கக்கா. வாயைத் திறந்தா மறுநாள் இங்க கடை இருக்காதுன்னு ஆபீஸ்லேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

"ஆனந்த் அஞ்சு மணிக்கு ஜெயிலுக்குப் போறான்."

அடுப்பருகே நின்ற பஷீர் அஹமது மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "சொல்லிடு. கடை போனா இன்னொரு இடத்துல போட்டுக்கலாம்."

பேகம் முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஆனந்த் தம்பி ஆறேகாலுக்கு மாட்டிட்டுப் போச்சு. ஆறரைக்கு ஹெல்மெட் பேரணி. சனம் வெறுந்தலையா நின்னுச்சு. ஆபீஸ்ல கேக்குறாங்கன்னு செக்யூரிட்டி வந்து சாக்குல பதினோரு ஹெல்மெட் அள்ளிட்டுப் போனான். யார் தலைக்கு எது போச்சோ தெரியாது. பேரணி முடிஞ்சு பத்துதான் திரும்பி வந்துச்சு."

தௌசிப் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். விழிப்புணர்வுப் பேரணிக்கு, விழிப்புணர்வே இல்லாத கொக்கிகளிலிருந்து கவசம் கடன் வாங்கியிருந்தார்கள்.

கடையில் கிடந்த நாளிதழில் பேரணியின் படம் வந்திருந்தது. பதினொருவர் வரிசையாக நின்று முன்னோக்கிப் புன்னகைத்தார்கள். மணிமேகலை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை முகத்தருகே கொண்டுபோனாள், பின் வீசினாள்.

"பேரெல்லாம் பின்னாடி எழுதியிருக்கு. எல்லாரும் முன்னாடி பார்த்து நிக்கிறாங்க. முதுகைக் காட்டத் தெரிஞ்ச ஒருத்தன்கூட இல்ல."

"பதினோரு பேரும் நாலு மணிக்கு ஒரே மேடையில ஏறுறாங்கக்கா. நிறைவு விழா. சர்டிபிகேட் குடுக்கிறது நம்ம இன்ஸ்பெக்டர்."

"இன்ஸ்பெக்டர் தலையும் அங்கேதானா?" என்றாள் மணிமேகலை. "நல்லது. பதினோரு நெத்தி."

விழாக் கூடத்தில் முந்நூறு தொழிலாளர் அமர்ந்திருந்தார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வரிசையில் ஒரே கடலையைக் கொறித்தன. மேடை நடுவே அண்ணாதுரை. வந்தவரைச் சிறப்பிக்க மைசூர்த் தலைப்பாகை அணிவிப்பது அந்த எல்லைப் பக்கத்து வழக்கம்; சரிகை மின்னும் தலைப்பாகை ஒன்றை ஏற்றுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வழி தவறி வந்த அரசரைப் போல அவர் அமர்ந்திருந்தார்.

தௌசிப் குடிநீர்ப் புட்டி கொடுக்கும் சாக்கில் மேடையின் ஓரமாக நடந்து ஒவ்வொரு தலையாகக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"பத்துத் தலை பார்த்துட்டேன்கா. ஒன்பதுல எண்ணெய், ஒண்ணுல சாயம். காயம் இல்ல."

"பதினொண்ணாவது?"

"அது சுபாஷ் சார். அவருதான் ஹெல்மெட்..."

வாய் அப்படியே நின்றது. இருவரும் மேடையைப் பார்த்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றபோதும் கழற்றாத தலைக்கவசத்தோடு சுபாஷ் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். சட்டைக் காலருக்கும் கவசத்துக்கும் இடையே நீளமாக வளர்த்த முடி, எண்ணெய் பூசி, சுருண்டு வெளியே தெரிந்தது.

மணிமேகலை தன்னையே ஒருமுறை கடிந்துகொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு முன், பதாகையைப் பார்த்து ஏளனம் செய்தவள் அவள். ஏளனம் செய்த அவசரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் காயத்தை ஒளிக்க இதைவிடச் சிறந்த இடம் ஏது? ஒருவரும் அணியாத ஒன்றுக்குள் ஒருவரும் தேடமாட்டார்கள். அதற்கு மாலை வேறு போடுவார்கள்.

"மணி என்ன?"

"நாலு பதினஞ்சு."

"நேராப் போய்க் கழட்டச் சொன்னா விரதம்பான். கூட்டம் கை தட்டும்." அவள் பார்வை மேடை மேசையில் மிஞ்சிக் கிடந்த ஒரு தலைப்பாகையில் நின்றது. "தௌசிப், உனக்குக் கன்னடம் எவ்வளவு வரும்?"

"சண்டை போடுற அளவுக்கு வரும்."

"மரியாதை பண்ற அளவுக்கு வேணும்."

இரண்டு நிமிடம் கழித்து, தௌசிப் எழுதிக் கொடுத்ததை அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் தமிழிலும் கன்னடத்திலும் முழங்கினார்: தம்மையே வருத்தி விரதமிருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தொழிலாளர் சார்பில் மைசூர்த் தலைப்பாகை, சிறப்பு விருந்தினர் தம் கையால் அணிவிப்பார்.

கூடம் ஆர்ப்பரித்தது. சுபாஷ் எழுந்து இரு கையையும் அசைத்தார். கவசத்துக்குள்ளிருந்து குரல் பானைக்குள் பேசுவதுபோல் வந்தது. "வேண்டாங்க. விரதம் முடிய இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கு."

"தெகீரி சார், தெகீரி!" என்று கன்னடத்து வரிசையிலிருந்து ஒரு குரல். கழற்றச் சொல்லும் அந்தச் சொல்லைத் தெலுங்கும் தமிழும் பிடித்துக்கொண்டன.

அண்ணாதுரைக்குப் பொது மேடையில் கருணை சுரக்கும் வழக்கம் உண்டு. "தலைப்பாகை கட்டினா ஹெல்மெட் வேண்டாம்னு சட்டமே விலக்கு குடுக்குது, சுபாஷ் சார். கழட்டுங்க," என்று சிரித்தபடி தாமே கைநீட்டி வாரை அவிழ்த்து, கவசத்தை மேலே தூக்கினார்.

உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு கவசத்தோடு பிய்ந்து வந்தது. இடப் புருவத்திலிருந்து உச்சிவரை பிளந்திருந்த காயம் மீண்டும் கசிந்து, மூக்கின் ஓரமாக ஒரு கோடு இறங்கியது. கடலை கொறிக்கும் ஓசையும் அடங்கியது.

"குளியலறையில வழுக்கிட்டேன்," என்றார் சுபாஷ்.

மணிமேகலை மேடையேறியிருந்தாள். இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கித் திருப்பினாள். உட்புறத்துப் பிளாஸ்டிக் உறை பாதி கிழிந்து தொங்கியது. மடிப்புக்குள் கடையின் உத்தரவாதச் சீட்டு முத்திரையோடு செருகியிருந்தது.

"இதை எப்போ வாங்கினீங்க?"

"ரொம்ப நாளாச்சு."

"சீட்டுல நேத்துத் தேதி போட்டிருக்கு. கடை திறக்கிறது ஒன்பது மணிக்கு. பேரணி ஆறரை மணிக்கு. ஆறரை மணிக்கு உங்க தலையில இருந்தது யாருடையது?"

சுபாஷ் மூக்கோரத்து இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார்.

"மூணு வருஷமா இந்த வாசல்ல மத்தவங்க தலையை எண்ணிக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்குன்னு ஒரு ஹெல்மெட் நேத்து வரைக்கும் இல்ல. எதிர்க்கடைக் கொக்கியைப் பத்தித் தெரியாத மாதிரி இருந்துட்டு, அதுலேர்ந்தே கடன் வாங்கினீங்க. போட்டோ எடுத்த உடனே கழட்டி, ஸ்ட்ராப்பை மாட்டி, ஹேண்டில்ல தொங்கவிட்டீங்க. இடிச்சதும் அது பறந்து போச்சு. பனியில தேடிக் கிடைக்கல. நேத்து ஓட்டின பைக் எங்கே?"

"அத்திப்பள்ளியில... சர்வீசுக்கு விட்டிருக்கு."

"எப்போ விட்டீங்க?"

"நேத்து." சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. நாற்காலியில் அமர்ந்தார். "அவ சைக்கிள்ல ஒரு லைட்டுகூட இல்லைங்க. பனியில திடீர்னு வந்துட்டா."

"அதுக்காகத்தான் தழை போட்டு மூடினீங்களா?"

"பாதுகாப்பு வாரத்துல பாதுகாப்பு அதிகாரி இடிச்சான்னு வந்தா நான் என்ன ஆவேன்?"

மணிமேகலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சேற்றில் கிடந்ததைக் குச்சியால் புரட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அப்பார்வை. "வாரம் காப்பாத்தப்பட்டுச்சு," என்றாள். பின் அண்ணாதுரையிடம் திரும்பினாள். "கிலோமீட்டர் கல் மேல இவரோட ரத்தமும் முடியும் இருக்கு. என் கைக்குட்டையைத் திருப்பிக் குடுத்துடுங்க. அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் காத்திருப்பாரு. ஆளை மட்டும் மாத்திக் கூட்டிட்டுப் போங்க."

அண்ணாதுரை ஆம் என்று தலையசைத்தார். அவர் தலைப்பாகையின் சரிகைக் குஞ்சமும் கூடவே ஆமோதித்தது.

ஐந்தரை மணிக்குத் தேநீர்க் கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. சான்றிதழ் பெற்ற பதின்மரும் அவற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, விழாவுக்கு எடுத்துப் போன தலைக்கவசங்களைப் பேகத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் வார் பூட்டப்பட்டுத் தன் கொக்கியில் ஏறியது. தர்ஷினி கண் திறந்து தண்ணீர் கேட்டாளென்று திம்மராயன் தொலைபேசியில் சொன்னதைப் பஷீர் அஹமது எல்லோருக்கும் உரக்க அறிவித்தார். பதின்மரும் மகிழ்ந்தார்கள், வெறுந்தலையோடு வண்டியை உதைத்தார்கள்.

பொற்கொடியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து ஆனந்த் இறங்கினான். மொட்டைத் தலை மாலை வெயிலில் மின்னியது. மணிமேகலையைக் கும்பிட்டான், கண் கலங்கினான், பிறகு பேகத்திடம் திரும்பினான்.

"அக்கா, என்னோடது கேசுல மாட்டிக்கிச்சு. பத்து மணி ஷிப்ட்டுக்கு உள்ளே போக ஏதாச்சும் ஒண்ணு குடுங்க. காலையில மாட்டிடுறேன்."

மணிமேகலை தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். ஒரு பகலும் இரவும் கம்பிக்குள் இருந்தவன் கற்றுக்கொண்டு வந்தது இவ்வளவே.

பொற்கொடி போய்க் கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்தாள். வாரை அவிழ்த்து, கணவனின் தலையில் அழுத்தி வைத்து, தாடைக்குக் கீழே இறுகப் பூட்டினாள்.

"ஏய், இங்கேர்ந்தேவா? வீட்டுக்குத்தானே போறோம். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கழட்டினா நடந்து வா."

ஸ்கூட்டர் திரும்பித் தொரப்பள்ளிச் சாலைப் பக்கம் போயிற்று. தௌசிப் தன் வாரைப் பூட்டியபடி பெருமூச்சு விட்டான். "பரவாயில்லக்கா. ஊர்ல ஒருத்தனாவது திருந்திட்டான்."

மணிமேகலை பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள்.

"மாட்டிவிட்டது அவன் இல்லையே," என்றாள். "வண்டியை எடு."